நட்சத்திரக்குறி போட்ட சான்றிதழ்: எல்லா சப்டொமைனுக்கும் ஒரே பூட்டு, அதன் சாவி யாரிடம்?

2020 பிப்ரவரி 3, திங்கட்கிழமை. அமெரிக்காவில் காலையில் வேலைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்த பலருக்கு மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் திறக்கவே இல்லை. யாரும் ஹேக் செய்யவில்லை, டேட்டா சென்டரில் கரண்ட் போகவில்லை. ஒரு சான்றிதழின் ஆயுள் முடிந்திருந்தது, அதைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். உலகின் மிகப் பெரிய சாஃப்ட்வேர் நிறுவனங்களில் ஒன்றுக்கே இந்த மறதி வந்தது என்றால், பத்து பேர் வேலை செய்யும் ஸ்டார்ட்அப்புக்கு வராமலா இருக்கும்?

இந்த மறதி இனி இன்னும் அடிக்கடி காசு கேட்கப்போகிறது. இணையதளச் சான்றிதழ் ஒன்றின் அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பரிலிருந்து 398 நாட்களாக இருந்தது. பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள். 2027 மார்ச்சில் 100 நாள். 2029 மார்ச்சில் வெறும் 47 நாள். வருஷத்துக்கு ஒருமுறை காலண்டரில் குறித்துவைத்து கையால் புதுப்பித்த காலம் முடிகிறது. 47 நாளுக்கு ஒருமுறை மனிதர் யாரும் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. மெஷின்தான் செய்ய வேண்டும்.

மெஷின் செய்ய வேண்டும் என்றால் மெஷினிடம் ஒரு சாவியைக் கொடுக்க வேண்டும். அது என்ன சாவி, எவ்வளவு பெரிய கதவைத் திறக்கும் என்று பார்க்காமலே பலர் கொடுத்துவிடுகிறார்கள். வைல்டுகார்டு சான்றிதழ் விஷயத்தில் அந்தக் கதவு கொஞ்சம் பெரியது.

வைல்டுகார்டு என்றால்?

பிரவுசரில் முகவரிக்கு முன்னால் 'ஹெச்டிடிபிஎஸ்' என்று வருவதற்குக் காரணம் டிஎல்எஸ் சான்றிதழ். 'இந்த சர்வர் உண்மையிலேயே இந்தப் பெயருக்கு உரியதுதான்' என்று மூன்றாம் நபர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண சான்றிதழில் குறிப்பிட்ட பெயர்கள் மட்டும் இருக்கும். வைல்டுகார்டில் பெயரின் இடத்தில் ஒரு நட்சத்திரக்குறி இருக்கும்.

உதாரணத்துக்கு, கடை.காம் என்று ஒரு கற்பனை டொமைன். அதற்கு *.கடை.காம் என்று சான்றிதழ் வாங்கினால் ஆப்.கடை.காம், பில்.கடை.காம், டெஸ்ட்.கடை.காம் என எதற்கும் செல்லும். நாளைக்குப் புதிதாக ஒரு வாடிக்கையாளர் வந்து அவர் பெயரில் ஒரு சப்டொமைன் திறந்தாலும் புதுச் சான்றிதழ் தேவையில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி முகவரி கொடுக்கும் நிறுவனங்கள் இதை விரும்புவது அதனால்தான்.

ஆனால் நட்சத்திரம் ஒரு படிக்குத்தான் செல்லும். டெஸ்ட்.ஆப்.கடை.காம் என்று இரண்டு படி போனால் பிரவுசர் சிவப்புக் கொடி காட்டும். இன்னொரு வேடிக்கை, வெறும் கடை.காம் கூட அதில் அடங்காது! முன்னால் எதுவும் இல்லாத தாய்ப் பெயரையும் சேர்த்தே கேட்க வேண்டும். முதல்முறை வாங்குபவர்களில் பாதிப் பேராவது தடுக்கி விழும் இடம் இது.

பட்டா எங்கே?

ஒரு காலத்தில் வைல்டுகார்டு என்றாலே காசு. 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட 'லெட்ஸ் என்க்ரிப்ட்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு சாதாரணச் சான்றிதழ்களை இலவசமாகத் தந்தது. 2018 மார்ச் 13 முதல் வைல்டுகார்டையும் இலவசமாக்கியது. கூடவே ஒரு நிபந்தனை: வைல்டுகார்டு வேண்டுமென்றால் டிஎன்எஸ் வழியாகத்தான் உரிமையை நிரூபிக்க வேண்டும்.

ஏன்? சாதாரணச் சான்றிதழுக்கு வழக்கமான வழி ஒன்று உண்டு. அவர்கள் ஒரு ரகசிய எழுத்துக்கோவை கொடுப்பார்கள். அதை உங்கள் வெப் சர்வரில் ஒரு ஃபைலாக வைத்தால் வந்து பார்த்துவிட்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இது அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்து 'நான்தான் இங்கே குடியிருக்கிறேன்' என்று காட்டுவது மாதிரி. அந்த ஒரு வீட்டுக்கு அது போதும். ஆனால் மொத்தக் கட்டிடத்துக்கும், இன்னும் கட்டாத மாடிகளுக்கும் சேர்த்து உரிமை கேட்டால் கதவைத் திறந்து காட்டினால் போதுமா? பட்டாவைக் காட்ட வேண்டும். இணையத்தில் அந்தப் பட்டா இருக்கும் பதிவேடுதான் டிஎன்எஸ்.

எந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும், மெயில் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் டிஎன்எஸ்ஸில்தான் எழுதியிருக்கும். அதில் எழுதும் அதிகாரம் யாருக்கு இருக்கிறதோ அவர்தான் டொமைனின் உரிமையாளர். குறைந்தபட்சம் சான்றிதழ் கொடுப்பவர் கண்ணுக்கு அப்படித்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கிளவுட் எதற்கு?

டொமைன் விற்ற நிறுவனமே ஒரு டிஎன்எஸ் பக்கத்தையும் தரும். லாகின் செய்து, மெனுவைத் தேடி, ரெக்கார்டை ஒட்டி, சேமித்து, காத்திருக்கலாம். ஒருமுறை சரி. 90 நாளுக்கு ஒருமுறை என்றாலே அலுத்துவிடும். அதனால்தான் டிஎன்எஸ்ஸை கிளவுடுக்கு மாற்றுகிறார்கள். அமேசானின் ரூட் 53, கூகுள் கிளவுட் டிஎன்எஸ், மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் டிஎன்எஸ், கிளவுட்ஃபிளேர் எல்லாவற்றிலும் ஏபிஐ உண்டு. அதாவது மனிதர் பட்டனை அழுத்தாமல் ஒரு நிரலே ரெக்கார்டை எழுதவும் அழிக்கவும் முடியும். ரூட் 53-ல் ஒரு டொமைனுக்கான ஸோனுக்கு மாதக் கட்டணம் அரை டாலர். கிளவுட்ஃபிளேரில் இலவசத் திட்டமே போதும். (ரூட் 53 என்ற பெயரில் உள்ள 53, டிஎன்எஸ் பயன்படுத்தும் போர்ட் எண்.)

மாற்றுவது என்றால் டொமைனையே வேறு இடத்துக்குக் கொண்டுபோவது இல்லை. கிளவுடில் ஒரு ஸோன் திறந்தால் சில நேம்சர்வர் பெயர்கள் கிடைக்கும், ரூட் 53-ல் நான்கு. டொமைன் வாங்கிய இடத்தில் பழைய நேம்சர்வர்களை எடுத்துவிட்டு இவற்றைப் போட வேண்டும்.

இங்கே அவசரப்படக் கூடாது. பழைய இடத்தில் இருந்த எல்லா ரெக்கார்டுகளையும் முதலில் புது ஸோனில் எழுத வேண்டும். வெப்சைட் ரெக்கார்டை மட்டும் நகலெடுத்துவிட்டு மெயிலுக்கான எம்எக்ஸ் ரெக்கார்டை விட்டுவிட்டால், சைட் நன்றாகத் திறக்கும், மெயில் மட்டும் வராது. மெயில் வரவில்லை என்று யாரும் மெயில் போட்டுச் சொல்லவும் முடியாது! டாட் காம் பெயர்களுக்கு நேம்சர்வர் விவரம் இரண்டு நாள் வரை ஆங்காங்கே கேஷில் தங்கும். அதனால் பழைய ஸோனை உடனே அழித்துவிடாமல் இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவைப்பது நல்லது. டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் டொமைன் வாங்கிய இடத்தில் உள்ள டிஎஸ் ரெக்கார்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய கையெழுத்தும் புது நேம்சர்வரும் ஒத்துப்போகாமல், டொமைனே காணாமல் போனது போல் ஆகிவிடும்.

உள்ளே நடப்பது

நேம்சர்வர் மாறிய பிறகு மிச்சம் ஒரு நிரலின் வேலை. செர்ட்பாட், லீகோ, அக்மி.எஸ்ஹெச் என்று பல உண்டு. குபெர்னெட்டிஸில் இருப்பவர்கள் செர்ட்-மேனேஜர் வைத்துக்கொள்வார்கள். எதுவாக இருந்தாலும் அந்தந்த கிளவுடுக்கான பிளக்இன்னும் ஏபிஐ சாவியும் தேவை.

நிரல் போய் '*.கடை.காம், கடை.காம் இரண்டுக்கும் சான்றிதழ் வேண்டும்' என்று கேட்கும். லெட்ஸ் என்க்ரிப்ட் ஒரு டோக்கன் தரும். நிரல் அதைத் தன் கணக்கின் சாவியோடு சேர்த்துக் குறுக்கி, பார்த்தால் ஒன்றும் புரியாத ஓர் எழுத்துக்கோவையாக மாற்றும். அதை டொமைனுக்கு முன்னால் 'அக்மி-சேலஞ்ச்' என்ற பெயரில் (தொடக்கத்தில் ஓர் அடிக்கோடு உண்டு) டெக்ஸ்ட் ரெக்கார்டாக டிஎன்எஸ்ஸில் எழுதும். லெட்ஸ் என்க்ரிப்ட் வந்து பார்க்கும். அதுவும் ஓர் இடத்திலிருந்து அல்ல. 2020 பிப்ரவரி முதல் உலகின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் கேட்டுப் பார்க்கிறது. ஒரு பாதையை மட்டும் திருப்பிவிட்டு ஏமாற்ற நினைப்பவர்களைத் தடுக்கத்தான் இது. பதில் சரியாக இருந்தால் சான்றிதழ் கையில். நிரல் அந்த ரெக்கார்டை அழித்துவிட்டுப் போய்விடும். எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு நிமிட வேலை.

'டிஎன்எஸ் மாற்றம் பரவ 48 மணி நேரம் ஆகும்' என்று எங்கேயோ படித்த பயம் இங்கே தேவையில்லை. சரிபார்ப்பவர்கள் டொமைனின் சொந்த நேம்சர்வரையே கேட்கிறார்கள். எழுதியது கிளவுட் நிறுவனத்தின் எல்லா நேம்சர்வருக்கும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவே. அதற்குப் பொதுவாகச் சில வினாடிகள், மிஞ்சினால் ஒரு நிமிடம். அதற்கு முன்பே கேட்டுவிட்டால் தோல்விதான். அதனால்தான் பிளக்இன்களில் 'இத்தனை வினாடி காத்திரு' என்று ஓர் அமைப்பு இருக்கிறது.

கையால் செய்து பார்ப்பவர்கள் ஓர் இடத்தில் மண்டை காய்வார்கள். நட்சத்திரப் பெயருக்கும் தாய்ப் பெயருக்கும் இரண்டு எழுத்துக்கோவைகள் வரும், இரண்டுமே அதே 'அக்மி-சேலஞ்ச்' பெயரில்தான் இருக்க வேண்டும். முதலாவதை அழித்துவிட்டு இரண்டாவதை எழுதினால் சரிபார்ப்பு தோற்கும். ஒரே பெயரில் இரண்டு மதிப்புகளும் ஒன்றாக இருக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தோற்றால் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து தோல்வி என்ற வரம்பில் மாட்டிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒத்திகைக்கென்றே லெட்ஸ் என்க்ரிப்ட் ஒரு தனி 'ஸ்டேஜிங்' சர்வர் வைத்திருக்கிறது. அங்கே பார்த்துவிட்டு வருவது புத்திசாலித்தனம்.

வாங்கியாச்சு, அப்பாடா என்று உட்கார முடியாது. நிரல் புதுச் சான்றிதழை டிஸ்கில் எழுதிவிடும். ஆனால் என்ஜின்எக்ஸ் மாதிரி வெப் சர்வர், தொடங்கும்போது படித்த பழையதையே மெமரியில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் 'ரீலோட்' செய்யச் சொல்லும் ஒரு வரியைச் சேர்க்க மறந்தால், ஃபைல் புதுசு, பிரவுசரில் எச்சரிக்கை என்ற விசித்திர நிலை வரும். முன்பெல்லாம் 'உங்கள் சான்றிதழ் முடியப்போகிறது' என்று லெட்ஸ் என்க்ரிப்ட்டிலிருந்து மெயில் வரும். 2025 ஜூனில் அதையும் நிறுத்திவிட்டார்கள். எனவே கண்காணிப்பு இனி உங்கள் பொறுப்பு. அதுவும் ஃபைலைப் பார்க்கும் கண்காணிப்பு போதாது. வெளியிலிருந்து சைட்டைத் திறந்து தேதியைப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தச் சாவி

இதுவரை சொன்னதெல்லாம் இணையத்தில் தேடினால் பத்து நிமிடத்தில் கிடைக்கும். அந்த வழிகாட்டிகளில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோவது, 'ஏபிஐ சாவியை இந்த ஃபைலில் ஒட்டவும்' என்பது.

ஒட்டிய பிறகு என்ன ஆகிறது? பிளாகோ, பில்லிங்கோ ஓடும் ஒரு சாதாரண வெப் சர்வரில், மொத்த டொமைனின் பதிவேட்டையும் திருத்தி எழுதும் அதிகாரம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் படுத்திருக்கிறது. பழைய பிளக்இன் ஒன்றில் ஓட்டை விழுந்து யாராவது உள்ளே வந்தால், அவருக்கு அந்த வெப்சைட் முக்கியமே இல்லை. எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றினால் நிறுவனத்துக்கு வரும் மெயில் எல்லாம் அவரிடம் வரும். மெயில் வந்தால் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' பட்டன் எல்லா இடத்திலும் அவருக்காக வேலை செய்யும். அதோடு, டிஎன்எஸ்ஸில் எழுத முடிந்தவர்தான் உரிமையாளர் அல்லவா? அவரும் போய் முறையாக, சட்டபூர்வமாகத் தோன்றும் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.

இது கற்பனை பயம் இல்லை. 2018-ல் மத்திய கிழக்கு நாடுகளின் அரசு அமைப்புகளைக் குறிவைத்து நடந்த, பின்னர் 'டிஎன்எஸ்பியனாஜ்' என்று பெயரிடப்பட்ட தாக்குதல்களில் இதேதான் நடந்தது. டிஎன்எஸ் ரெக்கார்டுகளைத் தங்கள் சர்வருக்குத் திருப்பினார்கள், அந்தப் பெயர்களுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட்டிலேயே சான்றிதழ் வாங்கினார்கள். பிரவுசரில் எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் விதிப்படி எல்லாம் சரி. நிலைமை எவ்வளவு தீவிரம் என்றால், அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2019 ஜனவரி 22 அன்று அவசர உத்தரவு ஒன்று போட்டது. அரசுத் துறைகள் எல்லாம் பத்து வேலை நாட்களுக்குள் டிஎன்எஸ் ரெக்கார்டுகளைச் சரிபார்த்து, பாஸ்வேர்டுகளை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட வேண்டும் என்று அது சொன்னது.

அதற்காக ஆட்டோமேஷனே வேண்டாம் என்று சொல்ல முடியாது, 47 நாள் கணக்கு விடாது. சாவியைச் சின்னதாக்குவதுதான் வழி.

கிளவுட்ஃபிளேரில் மொத்தக் கணக்குக்குமான குளோபல் சாவியைக் கொடுக்காமல், ஒரே ஸோனில் டிஎன்எஸ் மட்டும் திருத்தும் டோக்கன் உருவாக்கலாம். ரூட் 53-ல் அதைவிட நுணுக்கமாக, 'அக்மி-சேலஞ்ச் என்ற பெயரில், டெக்ஸ்ட் ரெக்கார்டு மட்டும்' என்றே அனுமதியைக் கட்ட முடியும். சாவி திருட்டுப் போனாலும் எம்எக்ஸ்ஸைத் தொட முடியாது. சர்வரும் அதே கிளவுடில் இருந்தால் ஃபைலில் சாவியே வைக்காமல், அந்த மெஷினுக்கே ஒரு 'ரோல்' கொடுத்துவிடலாம்.

இந்த நுணுக்கம் இல்லாத டிஎன்எஸ் சேவை என்றால் ஒரு பழைய தந்திரம் உண்டு. பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். முக்கிய டொமைனில் 'அக்மி-சேலஞ்ச்' பெயருக்கு ஒரு சிநேம் ரெக்கார்டு போட்டு, வேறு ஒரு ஸோனைக் கைகாட்டிவிடுங்கள். 'இந்தக் கேள்விக்குப் பதில் அந்த வீட்டில் கேளுங்கள்' என்பது மாதிரி. சரிபார்ப்பவர் அந்தக் கைகாட்டலைப் பின்தொடர்ந்து போய்ப் படிப்பார். அந்த இரண்டாவது ஸோனில் வேறு எதுவுமே இருக்காது, வெப்சைட் இல்லை, மெயில் இல்லை. சர்வரில் இருப்பது அதன் சாவி மட்டும். அது திருட்டுப் போனாலும் திருடனால் சான்றிதழ் வாங்கத்தான் முடியும். டொமைனைத் திருப்ப முடியாது, மெயிலை மடக்க முடியாது. முக்கிய ஸோனில் அந்த ஒரு வரியை ஒரே ஒருமுறை கையால் எழுதினால் போதும். எனவே முக்கிய டிஎன்எஸ் பழைய நிறுவனத்திலேயே இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது ஸோன் மட்டும் கிளவுடில் இருந்தால் வேலை நடந்துவிடும்.

மிச்சமிருக்கும் அந்த ஆபத்தையும் குறைக்க சிஏஏ என்ற ரெக்கார்டு இருக்கிறது. 'இந்த டொமைனுக்கு இன்னார்தான் சான்றிதழ் தரலாம்' என்று அதில் எழுதிவைத்தால் மற்ற நிறுவனங்கள் தரக் கூடாது. 2017 செப்டம்பர் முதல் எல்லோரும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். வைல்டுகார்டுக்கு மட்டும் தனி வரி எழுதலாம். லெட்ஸ் என்க்ரிப்ட்டில் 'இந்தக் கணக்குக்கு மட்டும்' என்று கணக்கு எண்ணையே கட்டலாம்.

எல்லோருக்கும் வேண்டுமா?

பெயர்கள் நான்கைந்துதான் என்றால் வைல்டுகார்டு தேவையே இல்லை. ஒரே சான்றிதழில் 100 பெயர்கள் வரை எழுதலாம். வைல்டுகார்டின் வசதியே அதன் பலவீனமும்கூட. அதே பிரைவேட் கீயைப் பத்து சர்வரில் நகலெடுத்து வைத்தால், அதில் மிக அலட்சியமாகப் பார்த்துக்கொள்ளப்படும் டெஸ்ட் சர்வர் உடைந்தாலும், திருடன் பேமென்ட் பக்கம் போலவும் வேஷம் போடலாம். அமெரிக்காவின் என்எஸ்ஏ 2021 அக்டோபரில் இதைப் பற்றித் தனி எச்சரிக்கைக் குறிப்பே வெளியிட்டது. டெஸ்ட் சர்வர்களுக்கு ஒரு படி கீழே தனி வைல்டுகார்டு, பணம் புழங்கும் பக்கத்துக்குத் தனிச் சான்றிதழ் என்று பிரிப்பது கூடுதல் வேலைதான், ஆனால் நியாயமான வேலை. கிளவுட் நிறுவனத்தின் லோட் பேலன்ஸருக்குப் பின்னால் இருப்பவர்கள் இந்த முழுக் கதையையும் தவிர்க்கலாம். அங்கே சான்றிதழை அவர்களே வாங்கி, அவர்களே புதுப்பித்துக்கொள்வார்கள்.

வைல்டுகார்டுக்கு ஆதரவாகவும் ஒரு நியாயமான காரணம் உண்டு. ஏறக்குறைய எல்லாச் சான்றிதழும் இன்று 'சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி' என்ற பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. இன்னும் அறிவிக்காத ஒரு ப்ராடக்ட்டின் பெயரில் சப்டொமைன் திறந்து தனிச் சான்றிதழ் வாங்கினால், அந்தப் பெயர் அன்றே ஊருக்கே தெரியும். நட்சத்திரம் அதை மறைக்கும்.

இந்தப் பதிவேடு பிறந்ததே ஒரு நட்சத்திரத்தால்தான். 2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் *.கூகுள்.காம் என்ற பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் சுமார் 3 லட்சம் ஐபி முகவரிகளிலிருந்து வந்தவர்கள் மீது அது பயன்பட்டது, சில வாரங்களில் அந்த நிறுவனம் திவாலானது. 2014 ஜூலையில் நம் நாட்டின் தேசியத் தகவலியல் மையமான என்ஐசி-யின் வழியாகவும் கூகுள் பெயர்களுக்கு அனுமதியில்லாச் சான்றிதழ்கள் வெளிவந்து, அவற்றை ரத்து செய்ய வேண்டி வந்தது. யார் யாருக்கு என்ன சான்றிதழ் கொடுத்தார்கள் என்பது திறந்த கணக்காக இருக்க வேண்டும் என்ற வாதம் வலுத்தது இந்த மாதிரிச் சம்பவங்களால்தான். 2018 ஏப்ரல் முதல் புதுச் சான்றிதழ்கள் அந்தக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும் என்று குரோம் கட்டாயமாக்கியது.

'சிஆர்டி டாட் எஸ்ஹெச்' என்ற இலவசத் தளத்தில் உங்கள் நிறுவனத்தின் டொமைனைத் தட்டினால் இதுவரை வாங்கிய சான்றிதழ்களின் பட்டியல் வரும். போன வருஷம் வேலையை விட்டுப் போனவர் திறந்துவைத்த டெஸ்ட் சைட் அதில் இருக்கலாம். யாருமே வாங்காத ஒரு சான்றிதழ் இருந்தால், டிஎன்எஸ் கணக்கின் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றி, ஏபிஐ சாவிகளை எல்லாம் ரத்து செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்க வேண்டும்.